சீலைக்குள் ஒரு துவக்கு

சீலை கட்டிய பெண் துவக்கை எங்கே ஒளிப்பாள் என்று எந்தத் துவக்குக் கம்பனிக்காரனும் யோசித்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, கடுப்பில் சொல்கிறேன். எழுபதுகளின் நடுப்பகுதியில், மெல்பேர்ண் நகரத்துத் துவக்குக் கடை ஒன்றின் பின்னறையில், கண்ணாடிக்கு முன்னால் நின்று இடுப்பில் ஒரு ரிவால்வரைச் செருகினேன். அது பாவாடை நாடாவையும் கூட்டிக்கொண்டு கீழே போனது. அன்றைக்கு வந்த எரிச்சல் இன்னும் முழுசாக அடங்கவில்லை. ஆம்பிளைகளுக்குத் தோல் பெல்ட் இருக்கிறது, கோட்டுக்குள் பொக்கற் இருக்கிறது. எனக்கு இருந்தது ஒரு பருத்தி நாடா.

கலியாணம் முடித்த கையோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள் நான். என் மனுசனுக்குத் தண்ணிப் பம்ப் செய்கிற கம்பனியில் படம் வரைகிற வேலை. எனக்கு பிளிண்டர்ஸ் லேனில், ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில், ஹங்கேரியிலிருந்து வந்த ஒரு கிழவரின் இரத்தினக்கல் கந்தோரில் வேலை. நகரத்து நகைக்கடைகளுக்கு நீலக்கல்லும் மாணிக்கமும் அவர் கையால்தான் போகும். சிலோன்காரி என்றால் நீலக்கல்லைப் பார்த்துக்கொண்டே பிறந்திருப்பாள் என்று அவருக்கு ஒரு நினைப்பு. யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக் கல்லைத் தவிர வேறென்ன கல் இருக்கிறது! ஆனாலும் வருகிற வேலையை ஏன் கெடுப்பான் என்று நான் வாயைத் திறக்கவில்லை.

முதலில் மேசையில் இருத்திக் கல் பிரிக்க விட்டார். பிறகு கடைகளுக்குக் கல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையும் என்னிடம் வந்தது. வெள்ளைத் தாளில் மடித்த சின்னப் பொட்டலங்கள். அவற்றைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கொலின்ஸ் வீதி, சுவான்ஸ்டன் வீதி, அவற்றுக்கு நடுவில் இருக்கிற ஆர்கேட் எல்லாம் நடப்பேன். சீலை கட்டிய ஒருத்தியைப் பார்த்தால் வழி தவறிய உல்லாசப் பயணி என்றுதான் ஆட்கள் நினைப்பார்கள், கல் இருக்கும் என்று எவன் நினைப்பான் என்பது கிழவரின் கணக்கு.

அந்த நடை இருக்கிறதே, அதுதான் எனக்கு அந்த வேலையில் பிடித்தது. ஊரில் இருந்தவரைக்கும் நான் தனியாக ஒரு சந்தி தாண்டியதில்லை. தையல்காரியிடம் போனாலும் பின்னால் ஒரு தம்பி சைக்கிள் உருட்டிக்கொண்டு வருவான். பள்ளிக்கூடத்துக்குச் சின்னம்மா, கோயிலுக்கு அம்மா, ரியூசனுக்கு அப்பா. கலியாணம் ஆனதும் அந்த இடத்துக்கு மனுசன் வந்துவிட்டார். இருபத்தாறு வயதில்தான், இந்த நகரத்தில், காலையில் கந்தோர்ப் படி இறங்கினேன் என்றால் மத்தியானம் வரைக்கும் என்னோடு ஒருத்தரும் இல்லை. எந்தப் பக்கம் திரும்புவது என்று நானே முடிவெடுப்பேன். வேண்டுமென்றே சுற்றிப் போவேன். கோப்பிக் கடை வாசலில் சும்மா நிற்பேன். சந்தோசத்தில் சில நாள் எனக்கு வாய்விட்டுப் பாட வேண்டும் போல இருக்கும்.

அந்தச் சந்தோசத்தில் மண் விழுந்தது. இன்னொரு வியாபாரிக்காக என்னைப் போலவே கல் காவுகிற ஒரு மனிதரை ஒரு சந்துக்குள் மடக்கி, பல்லு உடைய அடித்து, பையைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். கிழவர் நடுங்கிப்போனார். என்னைக் கூப்பிட்டு இருத்தி, இரண்டில் ஒன்று என்றார். பொலிஸ் அனுமதியோடு நான் ஒரு கைத்துப்பாக்கி கொண்டு போக வேண்டும், அது வெளியே ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. இல்லாவிட்டால் அவருடைய மருமகன் இனிமேல் கல் கொண்டு போவான், நான் மேசையோடு இருக்கலாம்.

மருமகன் தோள் அகலம், மூளை ஒடுக்கம். அவனிடம் என் தெருக்களைக் கொடுப்பதா? "துவக்கு" என்றேன், யோசிக்காமல்.

வீட்டில் சொன்னபோது என் மனுசன் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"உனக்கென்ன விசரே?"

"ஓம். விசர்தான். சுடத் தெரிஞ்ச விசரியாகப் போறன்."

"பேசாமல் மேசையிலை இருந்து கல்லைப் பொறுக்கன். ஆர் உன்னைத் தெருவிலை அலையச் சொன்னது?"

"நீங்கள் ஊரிலை சைக்கிளிலை அலைஞ்சனீங்கள்தானே? இப்ப நான் அலையிறன்."

அவர் நல்ல மனுசன், ஆனால் வாதத்தில் என்னோடு நின்றுபிடிக்க மாட்டார். ரசம் கொஞ்சம் விடச் சொன்னார், விட்டேன்.

கடைக்குப் போவதற்கு முன்னால் வீட்டில் ஒத்திகை பார்த்தோம். ரிவால்வரின் நடுவில் ஒரு உருளை இருக்கும், அதுதான் துருத்தும் என்று கிழவர் சொல்லியிருந்தார். குசினியில் இருந்த பெரிய உருளைக்கிழங்கு ஒன்றை எடுத்துப் பாவாடையில் செருகி, சீலையைச் சுற்றிக்கொண்டு முன்னறையில் நடந்து காட்டினேன். மனுசன் கதிரையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு பெரிய நீதவான் போலப் பார்த்தார்.

"தெரியுது," என்றார்.

"என்ன தெரியுது?"

"அஞ்சு மாசம்."

உருளைக்கிழங்கை அவர் மேல் எறிந்தேன். பிறகு ஊரிலிருந்து கொண்டுவந்த பாக்குவெட்டியை வைத்துப் பார்த்தேன். அது தட்டையாக, இடது பக்கம் முந்தானைக்குக் கீழே சுகமாக அடங்கிப் போனது. மனுசன் எழும்பி என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்று ஒத்துக்கொண்டார். ஆக எனக்கு வேண்டியது பாக்குவெட்டி அளவில் ஒரு துவக்கு. இந்த அறிவோடுதான் கிழவரையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் சிவந்த கழுத்தும் பெரிய கையுமாக இருந்தார். "சொல்லுங்கள் லவ், புருசனுக்குப் பரிசா?" என்று ஆரம்பித்தார். இந்த நாட்டில் பஸ்காரனும் லவ் என்பான், மீன்காரனும் லவ் என்பான். வந்த புதிதில் ஒருத்தனை முறைத்த முறையில் அவன் மிச்சக் காசைக் கூடுதலாகத் தந்துவிட்டான். இந்த முறை முறைக்கவில்லை. "எனக்குத்தான். சீலைக்குள் தெரியக் கூடாது" என்றேன். மனிதர் என்னை மேலிருந்து கீழ் பார்த்தார், பிறகு கிழவரைப் பார்த்தார். கிழவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்து, பகிடி இல்லை என்று காட்டினார்.

முதலில் எடுத்து வைத்தது குட்டைக் குழல் ரிவால்வர். இதை நம்பலாம், விசையை அமுக்கினால் வெடிக்கும், சிக்குப்படாது என்றார். வெறும் துவக்கைத்தான் கையில் தந்தார். பின்னறைக்குப் போய்ச் செருகியபோது நடந்ததை முதலே சொல்லிவிட்டேன். நாடாவை இறுக்கிக் கட்டினால் மூச்சு முட்டியது, தளர்த்தினால் துவக்கு முழங்காலுக்கு இறங்கியது. உருளைக்கிழங்கு சொன்னது சரிதான்.

பிறகு உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு குட்டிப் பிஸ்டலைத் தந்தார். எனக்குப் பார்த்ததுமே ஆசை வந்துவிட்டது. வெள்ளிப் பூச்சு, முத்துப் பதித்த பிடி. சட்டைக்குள்ளேயே வைக்கலாம் போல இருந்தது. கடைக்காரர் தலையை ஆட்டினார்.

"இதால் சுட்டால் அவன் சாக மாட்டான், லவ். அவனுக்குக் கோபம்தான் வரும்."

ஒருத்தனுக்குக் கோபம் வரப்பண்ண எனக்குத் துவக்கு எதற்கு? என் வாயே போதும். மனமில்லாமல் திருப்பிக் கொடுத்தேன்.

கைப்பையில் வைக்கலாமே என்று அவர் ஒரு யோசனை சொன்னார். கிழவர் ஒத்துக்கொள்ளவில்லை. கள்ளன் முதலில் பறிப்பது கைப்பையைத்தான், துவக்கையும் சேர்த்து அவனுக்குப் பரிசாகக் கொடுப்பதா என்று கேட்டார். அது ஞாயம்தான். உடம்போடு இருக்க வேண்டும், கை சட்டென்று போகிற இடத்தில் இருக்க வேண்டும், குனிந்தால் நிமிர்ந்தால் விழக்கூடாது, ட்ராமில் பக்கத்தில் இருக்கிறவள் முழங்கையால் இடித்தாலும் தெரியக்கூடாது. இதையெல்லாம் கடைக்காரர் விரல் விட்டுச் சொல்லச் சொல்ல, ஒரு பெண் கர்ப்பத்தை மறைப்பதற்குக் கூட இவ்வளவு பாடு இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் மேசை லாச்சியைத் திறந்து, எண்ணெய்ச் சீலையில் சுற்றிய ஒன்றை எடுத்தார். பழைய ஜெர்மன் பிஸ்டல், ஆரோ பாவித்தது. ஒல்லி. மேனியில் ஒரு புடைப்பும் இல்லை, எங்கும் கொளுவி இழுபடாது. பாக்குவெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். மேல் தகட்டைப் பின்னால் இழுக்கக் கை பலம் வேண்டும், உங்களால் முடியுமோ என்று கேட்டார். ஒவ்வொரு சனிக்கிழமையும் தேங்காய் துருவுகிற கை இது. ஒரே இழுவையில் இழுத்துக் காட்டினேன். அவர் விசிலடித்தார். கிழவர் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"ஒன்று மட்டும் ஞாபகம் வைத்திருங்கள். குழலுக்குள் குண்டை ஏற்றி வைத்துக்கொண்டு நடக்கக் கூடாது. தேவைப்படும்போது இழுத்தால் போதும்," என்றார் கடைக்காரர். அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும். அதை நான் ஒருநாளும் மீறவில்லை.

பொலிஸ் சார்ஜன்ட் அனுமதி தருவதற்கு முன்னால் எனக்குச் சுடத் தெரிய வேண்டும் என்றார். பேசின் என்கிற ஊர்ப் பக்கம், மலையடிவாரத்தில், ஒரு கைவிட்ட கல்குவாரியில் ஒரு சங்கத்துக்காரர்கள் சுட்டுப் பழகுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மனுசன் காரில் கொண்டுபோய் விடுவார். காருக்குள் கண்ணாடியை ஏற்றி, காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு, சம்பல் வைத்த பாண் சாப்பிட்டபடி இருப்பார். வெளியே, காற்று முந்தானையைத் தூக்கித் தூக்கி முகத்தில் அடிக்க, நான் ஒரு கடதாசி மனிதனைச் சுடுவேன். முதல் நாள் பின்னாலிருந்த மண்மேட்டைத்தான் கொன்றேன். போகப் போக அவனுடைய தோள், காது என்று முன்னேறினேன். பிற்காலத்தில் அதே பேசினில் பிள்ளையார் வந்து கோயில் கொண்டார். நான் முந்தி வந்து சத்தம் போட்டதை அவர் மன்னித்திருப்பார்.

மாவு வந்த துணிப்பையை வெட்டி, பாவாடையின் இடது பக்கத்தில் உறுதியாக ஒரு பை தைத்தேன். துவக்கு அதற்குள், அதற்கு மேல் கொய்யக மடிப்புத் தள்ளிச் செருகிய சீலை, அதற்கும் மேல் முந்தானை. வலது கை முந்தானைக்குக் கீழே போனால் பிடி அகப்படும். கந்தோரில் நடந்தேன், குனிந்தேன், கதிரையில் இருந்து எழும்பினேன். கிழவர் பூதக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தார். மருமகன் வாசலில் சாய்ந்துகொண்டு பார்த்தான். சார்ஜன்டும் பார்த்துவிட்டு, இவளிடம் துவக்கு இருக்கிறது என்று அவளுடைய அம்மாவுக்குக் கூடத் தெரியாது என்று கையெழுத்துப் போட்டார். மனுசன் வீட்டில் கடைசியாக ஒருமுறை சுற்றி வந்து பார்த்து, "ஒண்டும் தெரியேல்லை" என்றார்.

இத்தனை பேர் பார்த்தார்கள். ஒருத்தருக்காவது என் கழுத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லையே, பிறகு மற்றவர்களை என்ன குறை சொல்வது? என் தாலிக்கொடி பதினொரு பவுண். சுண்டுவிரல் தடிப்பில், சட்டைக்கு மேலே, வயிறு வரைக்கும் தொங்கும். கையில் ஆறு காப்பு. யாழ்ப்பாணத்துக் கலியாணப் பெண்ணுக்கு அது உடம்பில் ஒரு உறுப்பு. மூக்கை வெளியே விட்டுக்கொண்டு போகிறோமே என்று ஆராவது யோசிப்பார்களா? கல்லை ஒளித்தேன், துவக்கை ஒளித்தேன், பதினொரு பவுணை வெயிலில் மினுங்க விட்டுக்கொண்டு மெல்பேர்ண் முழுக்க நடந்தேன்.

கொஞ்ச மாதம் ஒன்றும் நடக்கவில்லை. துவக்குக் கனம் இடுப்புக்குப் பழகிவிட்டது. நடை பழையபடி இனித்தது. சுவான்ஸ்டன் வீதியில், ஒரு பகல் பொழுதில், ட்ராமுக்குக் காத்து நின்றேன். அகலக் கால்சட்டையும் தோள்வரை முடியுமாக ஒரு இளந்தாரி பக்கத்தில் வந்து நின்றான். நேரம் கேட்கப் போகிறான் என்று நினைத்து மணிக்கூட்டைத் திருப்பினேன். அவன் கொடியைப் பிடித்து இழுத்தான்.

அறுந்துவிடும் என்று அவன் நினைத்திருப்பான். அறுமா? எங்களூர்த் தட்டான் செய்த கொடி. கொடி வரவில்லை, கொடியோடு நான்தான் போனேன். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகப் பழகினேனே, வலது கை முந்தானைக்குள் போனதா என்றால், போகவில்லை. இரண்டு கையும் தாலியைத்தான் பிடித்தன. "விடடா, நாசமாய்ப் போவானே! விடடா!" என்று தமிழில் கத்திக்கொண்டு குதிக்காலை ஊன்றிப் பின்னால் சாய்ந்தேன். அவன் இழுக்க, நான் இழுக்க, சனம் பார்க்க, கடைசியில் அறுந்தது பாவாடை நாடா.

பாவாடையின் இடது பக்கம் வழுகி முழங்காலுக்கு வந்தது. பையிலிருந்த ஜெர்மன் பிஸ்டல் சரிந்து, சீலைக்குள்ளால், என் இரண்டு பாதத்துக்கும் நடுவில் 'டங்' என்று பிரசவமானது.

அவன் குனிந்து அதைப் பார்த்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நெற்றியில் பொட்டும், அவிழ்ந்த சீலையும், வாயில் தூசணமுமாக நிற்கிற இந்தப் பெண்ணுக்குள்ளிருந்து இன்னும் என்னென்ன விழுமோ என்று பயந்திருப்பான். கொடியை விட்டுவிட்டு ஓடினான். அப்படி ஒரு ஓட்டத்தை நான் பிறகு பார்த்ததில்லை.

தொப்பியும் வெள்ளைக் கையுறையும் போட்ட ஒரு கிழவி என் முழங்கையை மெல்லத் தொட்டாள். "டியர், உங்களுடைய ஏதோ ஒன்று விழுந்துவிட்டது" என்றாள், கைலேஞ்சி விழுந்ததைச் சொல்வது போல. நான் குனிந்து எடுக்க முடியாது, குனிந்தால் சீலை முழுக்கப் போய்விடும். ஒரு கையால் இடுப்பையும் ஒரு கையால் தாலியையும் பிடித்துக்கொண்டு, சீலைக் கரையால் துவக்கை மூடி, அதன் மேல் காலை வைத்துக்கொண்டு நின்றேன். ட்ராம் வந்தது. "ஏறுகிறீர்களா லவ்?" என்று கண்டக்டர் கேட்டார். தலையாட்டி அனுப்பிவிட்டு, சந்தியில் நின்ற பொலிஸ்காரன் வருகிறவரைக்கும் அப்படியே நின்றேன்.

அனுமதி தந்த அதே சார்ஜன்ட் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். நடுத்தெருவில் துவக்கைக் கீழே போடுகிறவளுக்கு அனுமதி இல்லை என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னார். துவக்கு இனிக் கிழவரின் இரும்புப் பெட்டகத்தை விட்டு வெளியே வரக் கூடாது என்று உத்தரவு. கந்தோருக்குத் திரும்பி, சட்டைக்குள்ளிருந்து கல் பொட்டலத்தை எடுத்துக் கிழவரின் மேசையில் வைத்தேன். ஒரு கல்லும் குறையவில்லை. கிழவர் கல்லைப் பார்க்கவில்லை. முதல் முறையாக என் கழுத்தைப் பார்த்தார்.

"இது எத்தனை காரட்?"

"இருபத்திரண்டு."

கையை நீட்டிக் கொடியின் நுனியைத் தூக்கிப் பார்த்தார். வியாபாரி அல்லவா, கையே தராசு. அவர் முகம் போன போக்கைப் பார்த்தே விளங்கிவிட்டது. அன்றைக்கு நான் கொண்டுபோன கல்லைவிட அந்தக் கொடி விலை கூட.

"கடவுளே! துவக்கை ஒளித்துவிட்டு இதைத்தான் மினுங்க விட்டுக்கொண்டு திரிந்தாயா? கழற்றி வைத்துவிட்டு வரக் கூடாதா?"

"கழற்றுவதில்லை."

"ஒருநாளுமா?"

"புருசன் செத்தால்தான்."

கிழவர் தொப்பியைக் கழற்றினார். "அவருக்கு உடம்புக்கு ஏதும் வருத்தமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவர் அதைப் பார்த்துவிட்டு, இனிமேல் நான் பயப்பட வேண்டாம், மருமகன் என்னோடு கூடவே நடந்து வருவான் என்றார். அன்பாகத்தான் சொன்னார். தம்பி, சின்னம்மா, அம்மா, அப்பா, புருசன், இப்போது ஒரு ஹங்கேரி மருமகன். கடல் கடந்து வந்தும் எனக்குத் துணைக்கு ஒருத்தன்!

வீட்டில் மனுசனிடம் சொன்னேன்.

"நல்லதுதானே," என்றார். "அவன் ஒரு பக்கத்தாலை வரட்டன். உனக்கென்ன நட்டம்?"

"எனக்கென்ன நட்டமோ? நான் நடக்கிறதே போச்சு. அவனோடை நடக்கிறதுக்கு நான் வீட்டிலையே இருப்பன்."

"அப்ப வீட்டிலை இரன்."

"கொடியைக் கழட்டி வைச்சிட்டுப் போறன்."

அவர் கையிலிருந்த பேப்பர் கீழே இறங்கியது. "கழட்டுறதோ? சனம் என்ன கதைக்கும்?"

"சனமே எனக்கு ட்ராம் ரிக்கற் எடுத்துத் தருது?"

"தாலியை மஞ்சள் கயித்திலையாவது கட்டு," என்றார். மஞ்சள் கிழங்குக்கு நான் மெல்பேர்ணில் எங்கே போக? பேணியில் அடைத்த தூள்தான் கிடைக்கும். தூளைக் கரைத்து நூலில் தோய்த்துப் பார்த்தேன். ஒரே நாளில் வெள்ளைச் சட்டை முழுக்க மஞ்சளாகி, கிழவர் எனக்கு ஈரல் வருத்தமோ என்று கேட்டார். அந்த நூலைத் தூக்கி எறிந்தேன்.

அடுத்த நாள் காலை, பெட்டகத்துக்கு முன்னால் நின்று கொடியைக் கழற்றினேன். அம்மா பார்த்தால் நெஞ்சிலடித்துக்கொண்டு விழுவாள் என்று தெரியும். கிழவர் நீல வெல்வெட் துணி ஒன்றில் அதைச் சுற்றி, துவக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினார். "பறிக்க இனி என்ன இருக்கிறது? உங்கள் மருமகன் எதைக் காக்கப் போகிறான்?" என்று கேட்டேன். கிழவர் யோசித்தார். போய் வா என்றார். கழுத்தும் இடுப்பும் லேசாக இருக்க, நான் படியிறங்கிப் போனேன்.

அன்றிலிருந்து வேலைக்கு வந்ததும் கழற்றுவேன், போகும்போது போட்டுக்கொள்வேன். மனுசன் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். கொடியைப் பற்றி மட்டுமில்லை, வேறு எதைப் பற்றியும் அதிகம் பேசவில்லை. சாப்பாட்டைப் போட்டால் சாப்பிடுவார், பேப்பரை விரிப்பார். அவருக்கு நொந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அதற்காக நான் நடையை விடத் தயாரில்லை. அவரையும் விடத் தயாரில்லை. வீட்டுக்குள் நெஞ்சில் கல்லோடு திரிந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் கடைகளுக்குப் போய்த் திரும்புவதற்குள், கிழவர் அவசரமாக சிட்னிக்குப் புறப்பட்டுவிட்டார். பெட்டகத்தைப் பூட்டிய திறப்பும் அவரோடு போய்விட்டது. அடுத்த நாள் சனிக்கிழமை பூசை. அப்போது எங்களுக்குக் கோயில் இல்லை. மாதத்தில் ஒருநாள் யாராவது ஒருவர் வீட்டு முன்னறையில் சாமிப் படங்களை வைத்து, எல்லாரும் கூடிப் பசனை பாடி, வடை தின்றுவிட்டுக் கலைவோம். காருக்குள் ஏறிய பிறகுதான் மனுசன் என் கழுத்தைப் பார்த்தார்.

"பெட்டகத்துக்கை மாட்டுப்பட்டுப் போச்சு," என்றேன். "வேணுமெண்டால் திரும்புவம். எனக்குத் தலையிடி எண்டு சொல்லுங்கோ."

அவர் காரை எடுத்தார்.

முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு பெண்கள் பக்கம் போய் இருந்தேன். எவ்வளவு நேரத்துக்குத் தாங்கும்? குனிந்து திருநீறு எடுக்கும்போது முந்தானை வழுகியது. எங்கள் கூட்டத்திலேயே மூத்த அன்ரி, எல்லாருடைய வீட்டு நல்லது கெட்டதுக்கும் முன்னுக்கு நிற்பவர், என் நேரே இருந்தார். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில், அறை அமைதியாக இருக்கிற நேரம் பார்த்துக் கேட்டார்.

"பிள்ளை, என்ன கழுத்து வெறுமையாய்க் கிடக்குது? கொடி எங்கை?"

ஆர்மோனியம் வாசித்தவர் கையை எடுத்துவிட்டார். எல்லாத் தலையும் திரும்பியது. எனக்கு வாயில் எப்போதும் ஒரு பதில் ரெடியாக இருக்கும், அன்றைக்கு வந்தது உண்மை.

"வேலையிலை இருக்குது அன்ரி. துவக்குக்குப் பக்கத்திலை."

அன்ரி வாயைப் பிளந்தார். இன்னொருத்தி "சிவ சிவா" என்றாள். காது கொதிக்க நான் குந்தியிருந்தேன். ஆம்பிளைகள் பக்கம் பார்க்கவே பயமாக இருந்தது. அங்கே யாரோ எழும்புகிற சத்தம் கேட்டது. என் மனுசன். கூட்டத்தில் வாய் திறந்து நான் கண்டதே இல்லை, தேவாரம் கூட முணுமுணுப்பார். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார், முகம் சிவந்திருந்தது.

"அன்ரி, கொடி எதுக்கு? நான் உயிரோடை இருக்கிறன் எண்டு காட்டத்தானே? இந்தா நிக்கிறன். வடிவாய்ப் பாருங்கோ."

முதலில் ஆர்மோனியக்காரருக்குச் சிரிப்பு பீறிட்டது, ஒவ்வொருத்தராகச் சிரிக்கத் தொடங்கினார்கள், அன்ரியும் வேறு வழியில்லாமல் சிரித்தார். என் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டேன். அந்த மனுசன் திரும்பப் போய் இருந்துகொண்டு தரையைப் பார்த்தார்.

வீடு திரும்பக் காரில் ஏறினோம். சிவப்பு விளக்கில் நிற்கும்போது அவர் முன்னால் பார்த்தபடி கேட்டார்.

"திங்கக்கிழமை எந்தப் பக்கம் போறாய்?"

"ஆர்கேட் பக்கம். அங்கை ஒரு கோப்பிக் கடை இருக்குது. வாசலிலை நிண்டாலே வாசம் வரும்."

"நான் ஒருநாள் லீவு போட்டிட்டு வரட்டே? உன்னோடை நடக்க."

எனக்கு அந்த நிமிடம் அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போறன்," என்றேன். "திங்கக்கிழமை நான் தனியத்தான் போவன்."

பச்சை விழுந்தது. "சரி," என்றார்.